ஒளிரும் பொருள்களும் மேற்கோள் எண்களும்: ஒரு விஞ்ஞானியின் ஆய்வுக் கணக்கை வாசிப்பது எப்படி?

திருகோணமலை உவர்மலையில் நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடையில் சென்ற ஆண்டு ஒரு வாக்குவாதம் நடந்தது. எங்கள் மாவட்டத்தில் பிறந்து, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒளிரும் பொருள்களை ஆராயும் ஒருவரின் பெயர் "உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்" பட்டியலில் வந்திருந்தது. செய்தித்தாளை மேசையில் விரித்துவைத்து நான்கு பேர் பேசினார்கள். "ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் அவருக்கு விருது கொடுத்திருக்கிறது" என்றார் ஒருவர். "நோபல் பரிசுக்கு அடுத்தபடி இதுதான்" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் கையை வீசி, "இதெல்லாம் காசு கட்டிப் பெயர் போட்டுக்கொள்வது" என்றார்.

மூன்றும் தவறு. அது விருது அல்ல. நோபலுக்கு அடுத்த படியும் அல்ல. அந்தப் பட்டியலில் காசு கட்டிப் பெயர் சேர்க்கவும் முடியாது. ஆனால் பேசியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். மேற்கோள் இத்தனை, எச்-சுட்டெண் இத்தனை என்று எழுதிவிட்டுச் செய்தி முடிந்துவிடுகிறது. அந்த எண்கள் எங்கே பிறக்கின்றன என்று யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை.

அன்று மாலை உயர்தரப் பௌதிகவியல் வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி அதே செய்தித்தாளோடு வந்தாள். "சேர், இதில் மேற்கோள் என்று போட்டிருக்கிறதே, நாங்கள் தமிழ்க் கட்டுரையில் திருக்குறளை எடுத்துக் காட்டுவோமே, அதுவா இது?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. பாதி சரி, பாதி தவறு. அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஒளிரும் பொருள் என்றால் என்ன?

குத்துவிளக்குச் சுடர் வெளிச்சம் தருகிறது, தொட்டால் சுடும். பழைய குண்டு மின்குமிழும் அப்படித்தான்: உள்ளிருக்கும் இழை பழுக்கக் காய்ந்து வெளிச்சம் விடுகிறது. ஆனால் மின்மினியைக் கையில் பிடித்திருக்கிறீர்களா? வெளிச்சம் உண்டு, சூடு இல்லை. இப்படி, சூடாகாமலே ஒரு பொருள் வெளிச்சம் தருவதற்கு ஒளிர்வு என்று பெயர். இந்தக் குளிர் வெளிச்சத்தைச் சூட்டு வெளிச்சத்திலிருந்து பிரித்து, 1888இல் தனிப்பெயர் சூட்டியவர் ஜெர்மனிய பௌதிகவியலாளர் எயில்ஹார்ட் வீடமான்.

உள்ளே நடப்பது இதுதான். அணுவுக்குள் இருக்கும் இலத்திரன்கள் படிப்படியான சக்தி மட்டங்களில் நிற்கின்றன. வெளியிலிருந்து சக்தி வந்தால் இலத்திரன் மேல் படிக்கு ஏறும். தென்னையில் ஏறியவர் அங்கேயே குடியிருக்க முடியாது, இறங்கத்தான் வேண்டும். இலத்திரனும் இறங்கும், இறங்கும்போது, வாங்கிய சக்தியின் ஒரு பங்கை ஒளியாக விட்டுவிடும். எந்த நிற ஒளி என்பது எவ்வளவு உயரத்திலிருந்து இறங்கியது என்பதைப் பொறுத்தது. இந்தத் தொழிலுக்கென்றே செய்யப்பட்ட பொருளை ஒளிர்பொருள் என்கிறோம். பெரும்பாலும் அது வெள்ளை அல்லது மஞ்சள் தூளாகவே இருக்கும். பார்வைக்கு மாவுதான்.

பழுதாகிப்போன எல்.ஈ.டி. மின்குமிழ் ஒன்றை வகுப்புக்குக் கொண்டுபோய் மேல்மூடியைக் கழற்றிக் காட்டினேன். வட்டத் தகட்டில் சின்னஞ்சிறு மஞ்சள் சதுரங்கள் ஒட்டியிருந்தன. "வெள்ளை வெளிச்சம் தரும் மின்குமிழுக்குள் ஏன் மஞ்சள்?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். அந்த மஞ்சள் பூச்சுக்கு அடியில் இருக்கும் சில்லு தருவது நீல ஒளி. பூச்சில் சீரியம் என்ற மூலகம் மிகச் சிறிதளவு கலந்த ஒளிர்பொருள் இருக்கிறது. நீலத்தின் ஒரு பகுதியை அது விழுங்கி மஞ்சளாகத் திருப்பித் தருகிறது. தப்பி வெளியே வரும் நீலமும் இந்த மஞ்சளும் சேர்ந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகின்றன. அந்த நீல ஒளிச் சில்லைச் சாத்தியமாக்கியதற்காகத்தான் இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது.

சீரியம் எங்களுக்கு அந்நியமானது அல்ல. எங்கள் மாவட்டத்துப் புல்மோட்டைக் கனிய மணலில் சிறிதளவு மொனசைட் இருக்கிறது. அந்த மொனசைட்டில் சீரியம் இருக்கிறது. அந்தக் கரையில் நடந்தவர்களுக்குத் தங்கள் காலில் ஒட்டியது என்ன என்று தெரிந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

இன்னொரு வகை ஒளிர்பொருள் விளக்கை அணைத்த பிறகும் ஒளிரும். பிள்ளைகளின் அறைக் கூரையில் ஒட்டும் நட்சத்திரங்களும் அவசர வழி காட்டும் பலகைகளும் இந்த வகை. முன்பு இதற்குப் பயன்பட்ட நாகசல்பைட்டுத் தூள் சில மணி நேரத்துக்குள் மங்கிவிடும். 1996இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நால்வர், யூரோப்பியமும் டிஸ்புரோசியமும் சேர்த்த ஸ்ட்ரோன்சியம் அலுமினேற்று பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அது இரவு முழுவதும் ஒளிர்ந்தது. அந்த ஒரு கட்டுரையை அதன் பிறகு ஆயிரக்கணக்கான கட்டுரைகள் சுட்டிவிட்டன. இந்தச் 'சுட்டுதல்' என்ற இடத்தில்தான் எங்கள் கதை தொடங்குகிறது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: சூடில்லாமல் வெளிச்சம் தருவது ஒளிர்வு, அதற்கென்று செய்த பொருள் ஒளிர்பொருள். இந்தத் துறை விஞ்ஞானி புதுத் தூள்களைச் செய்து, அவை எந்த நிறத்தில், எவ்வளவு நேரம், எவ்வளவு சிக்கனமாக ஒளிர்கின்றன என்று அளந்து கட்டுரையாக எழுதுகிறார்.

மேற்கோள் என்பது கடலில் ஒரு கல்லைக் காட்டுவது

திருக்கடலூர்க் கரையிலிருந்து வள்ளத்தில் போகும் ஒருவர் கடலடியில் மீன் கூடும் ஒரு பாறையைக் கண்டுபிடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலில் மைல்கல் இல்லை. கோணேசர் மலையை ஒரு பக்கமும் கரையில் உயர்ந்து நிற்கும் இன்னோர் அடையாளத்தை மறுபக்கமும் கண்ணால் பொருத்தி, இரண்டும் இப்படி வரும்போது வலையை இறக்கு என்று மற்றவர்களுக்குச் சொல்கிறார். அடுத்த வாரம் வேறொருவர் அங்கே போய்வந்து, "இன்னார் சொன்ன கல்லில்தான் பிடித்தேன், அங்கிருந்து வடக்கே கொஞ்சம் தள்ளி இன்னொரு கல்லும் இருக்கிறது" என்கிறார். அவர் தன் கண்டுபிடிப்பைச் சொல்லும்போதே, எதன் மேல் நின்று கண்டுபிடித்தார் என்பதையும் சொல்லிவிட்டார்.

ஆய்வுக் கட்டுரையில் மேற்கோள் என்பது இதுதான். ஒரு கட்டுரை, தான் பயன்படுத்திய முந்தைய கட்டுரையைத் தன் கடைசிப் பக்கப் பட்டியலில் பெயர் சொல்லிக் குறிப்பது. கடைசிப் பட்டியலில் ஒரு வரி, முந்தையவரின் கணக்கில் ஒரு மேற்கோள். அவ்வளவுதான். திருக்குறளை எடுத்துக்காட்டுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கே இருக்கிறது: குறளை அதன் அழகுக்காகவும் அதிகாரத்துக்காகவும் எடுத்துக்காட்டுகிறோம். ஆய்வாளர் முந்தைய கட்டுரையைப் பெரும்பாலும் வேலைக்காகச் சுட்டுகிறார்: அவர்கள் காய்ச்சிய வெப்பநிலையில்தான் நாங்களும் காய்ச்சினோம், அவர்கள் அளந்ததைவிட எங்கள் தூள் கூடுதல் நேரம் ஒளிர்கிறது, அவர்கள் சொன்னது எங்களுக்குச் சரிவரவில்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். "அந்தக் கல்லுக்குப் போனேன், ஒரு மீனும் இல்லை" என்று சொன்னாலும் அது மேற்கோள்தான். மேற்கோள் என்றால் பாராட்டு என்று நினைப்பதுதான் இந்த விடயத்தில் நடக்கும் முதற்பெரும் தவறு. தடுப்பூசியையும் ஓட்டிசத்தையும் தொடர்புபடுத்தி 1998இல் வெளியான கட்டுரை ஒன்று 2010இல் சஞ்சிகையால் திரும்பப் பெறப்பட்டது. அது ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளில் சுட்டப்பட்டிருக்கிறது, பெரும்பாலும் அது பிழை என்று சொல்வதற்காக. எண்ணும் இயந்திரத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது.

இந்தச் சுட்டல்களையெல்லாம் திரட்டி எண்ணலாம் என்ற யோசனையை 1955இல் முன்வைத்தவர் அமெரிக்கரான யூஜின் கார்பீல்ட். எந்த வழக்கைப் பிந்தைய எந்தத் தீர்ப்பு சுட்டியது என்று வழக்கறிஞர்கள் வைத்திருந்த பதிவேடுதான் அவருக்கு வழிகாட்டியது. அவர் முதலில் நினைத்தது விஞ்ஞானிகளுக்குப் புள்ளி போட அல்ல. ஒரு கட்டுரைக்குப் பிறகு அந்தப் பேச்சு எங்கே போனது என்று தேடிக் கண்டுபிடிக்கத்தான். தேடுவதற்காகச் செய்த கருவி, காலப்போக்கில் தரம் பிரிக்கும் தராசாகிவிட்டது. இன்றைய குழப்பங்களில் பெரும்பாதி இங்கிருந்து வருகிறது என்பது என் எண்ணம்.

எச்-சுட்டெண்: கரும்பலகையில் ஒரு கணக்கு

ஒரு விஞ்ஞானியை ஒரே எண்ணில் எப்படிச் சொல்வது? கட்டுரைகளின் எண்ணிக்கையைச் சொன்னால், யாரும் பயன்படுத்தாத நூறு கட்டுரை எழுதியவர் முன்னுக்கு வந்துவிடுவார். மொத்த மேற்கோளைச் சொன்னால், ஒரே ஒரு கட்டுரை தற்செயலாகப் பேர்பெற்றவர் முன்னுக்கு வருவார். கலிபோர்னியாவின் சான் டியாகோவில் இருக்கும் பௌதிகவியலாளர் ஜோர்ஜ் ஹிர்ஷ் 2005இல் இதற்கு ஒரு வழி சொன்னார். அதுதான் எச்-சுட்டெண்.

செய்தியில் வந்தவரின் எண்களை நான் இங்கே எடுக்கவில்லை. கற்பனையாக ஓர் ஆய்வாளரை வைத்துக்கொள்வோம். அவர் பத்துக் கட்டுரை எழுதியிருக்கிறார். மேற்கோள் கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசைப்படுத்திக் கரும்பலகையில் எழுதினேன்:

48, 30, 17, 9, 7, 6, 5, 2, 1, 0

இப்போது மேலிருந்து ஒவ்வொரு படியாக இறங்குங்கள். முதற்படியில் 48 மேற்கோள், ஒன்றைவிடப் பெரிது, இறங்கலாம். இரண்டாம் படியில் 30, இறங்கலாம். ஐந்தாம் படியில் 7, இன்னும் இறங்கலாம். ஆறாம் படியில் 6. படி எண்ணும் மேற்கோளும் சமம், கால் வைக்கலாம். ஏழாம் படியில் 5தான் இருக்கிறது. படி எண் மேற்கோளை மிஞ்சிவிட்டது, அங்கே கால் வைக்க முடியாது. ஆகவே அவரின் எச்-சுட்டெண் 6. பொருள் இதுதான்: குறைந்தது ஆறு மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் ஆறு இவரிடம் இருக்கின்றன.

மாணவி சுண்ணக்கட்டியை வாங்கி முதல் எண்ணை அழித்து, 48 இருந்த இடத்தில் 4,800 என்று எழுதினாள். "இப்போது சேர்?" இப்போதும் 6தான். மொத்த மேற்கோள் 125இலிருந்து 4,877க்கு ஏறிவிட்டது, எச்-சுட்டெண் அசையவில்லை. அவள் கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்படியானால் வாழ்நாளில் ஒரேயொரு மாபெரும் கட்டுரை எழுதியவருக்கு?" என்று கேட்டாள். 1. எத்தனை ஆயிரம் பேர் அதைச் சுட்டினாலும் 1தான்.

நான் மறுபக்கத்தையும் காட்டினேன். பழைய பட்டியலில் 6ஐ 7 ஆக்கி, 5ஐயும் 7 ஆக்குங்கள். சுட்டெண் 7 ஆகிவிடும். சேர்த்தது மூன்றே மேற்கோள். ஓரத்தில் நிற்கும் கட்டுரைகளுக்கு மூன்று மேற்கோள் சேர்த்தால் எண் ஏறுகிறது; உச்சியில் நிற்கும் கட்டுரைக்கு ஐயாயிரம் சேர்த்தாலும் ஏறுவதில்லை. இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால், இந்த எண் எங்கே நேர்மையானது, எங்கே ஏமாற்றக்கூடியது என்ற இரண்டும் தெரிந்துவிடும்.

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகிள் ஸ்கொலர் பக்கங்களில் காணும் ஐ10-சுட்டெண் மிக எளிது: பத்து மேற்கோளுக்குக் குறையாத கட்டுரைகள் எத்தனை என்பது. நம் பட்டியலில் மூன்று.

வயதையும் மறக்கக்கூடாது. எச்-சுட்டெண் ஏறும் அல்லது நிற்கும், இறங்குவதில்லை. ஆய்வை விட்டு ஓய்வு பெற்றவரின் எண்ணும் ஏறிக்கொண்டிருக்கும். பௌதிகவியலில் இருபது ஆண்டு உழைத்தவருக்கு 20 என்றால் வெற்றிகரமானவர், 40 என்றால் மிகச் சிறந்தவர், 60 என்றால் அபூர்வமானவர் என்று ஹிர்ஷ் ஒரு தோராயம் சொன்னார். அது பௌதிகவியலுக்கு, இருபது ஆண்டுக்கு. இந்த இரண்டையும் விட்டுவிட்டு எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு வருவதுதான் வழக்கமாகிவிட்டது. தன் சுட்டெண் கடுமையான, எதிர்பாராத தீமைகளையும் விளைவிக்கக்கூடும் என்று 2020இல் ஹிர்ஷ் தாமே எழுதினார்.

அந்த 2 சதவீதப் பட்டியல்

தேநீர்க் கடைக்குத் திரும்புவோம். ஸ்டான்போர்டில் பேராசிரியராக இருக்கும் ஜோன் அயோனிடிஸ் என்பவரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2019இல் முதலில் வெளியிட்ட பட்டியல் அது. பல்கலைக்கழகம் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. விண்ணப்பம் இல்லை, நடுவர் குழு இல்லை. ஸ்கோபஸ் என்ற தரவுத்தளத்திலிருந்து கணினி கணக்கிடுகிறது. மொத்த மேற்கோள், எச்-சுட்டெண், கூட்டாசிரியர் எண்ணிக்கைக்கு ஏற்பத் திருத்திய சுட்டெண், தனியாகவோ முதலாகவோ இறுதியாகவோ பெயர் வந்த கட்டுரைகளின் மேற்கோள் என்று ஆறு அளவுகளைச் சேர்த்து ஒரு கூட்டெண் வரும். உலகம் முழுவதும் இரண்டு இலட்சம் அளவிலானவர்கள் அதில் இருக்கிறார்கள்.

அதில் இரண்டு பட்டியல்கள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஒன்று வாழ்நாள் முழுவதற்குமானது, மற்றது ஓர் ஆண்டுக்கு மட்டும் உரியது. செய்தி எழுதுபவர் எது என்று குறிப்பிட வேண்டும். இடம் பெற்றவருக்கு அது பெருமைதான். தன் உட்துறையில் நிறையப் பேர் தன் வேலையைப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்குச் சான்று. அதை விருதாக்கிப் பெருக்கவும் வேண்டாம், காசுக்கு வாங்கியது என்று சிறுமைப்படுத்தவும் வேண்டாம்.

ஒளிர்பொருள் துறையில் எண்கள் ஏன் பெரிதாகத் தெரிகின்றன?

கன்னியா வெந்நீர் ஊற்றில் ஏழு கிணறுகள் இருக்கின்றன, ஏழிலும் வெவ்வேறு சூடு. ஒரு கிணற்றில் கைவைத்துவிட்டு அடுத்ததில் வைத்தால் சூடு குறைவு என்று தோன்றலாம். அதனால் அது குளிர்ந்த கிணறாகிவிடாது. ஆய்வுத் துறைகளும் அப்படித்தான். கணிதவியலாளர் ஒருவர் ஆண்டுக்கு ஓரிரண்டு கட்டுரை எழுதி, ஒவ்வொன்றிலும் சில முந்தைய கட்டுரைகளை மட்டும் சுட்டுவார். பொருள் விஞ்ஞானத்தில், அதாவது பொருள்களின் அமைப்பையும் இயல்பையும் ஆராயும் துறையில், ஒரு கட்டுரையே ஐம்பது அறுபது முந்தைய கட்டுரைகளைச் சுட்டுவது சாதாரணம். பரிமாறுபவர் அதிகமான பந்தியில் எல்லோர் இலையும் நிறையும்.

ஒளிர்பொருளுக்குத் தனிக் காரணமும் உண்டு. இந்தத் தூள்களைச் செய்வது ஓரளவுக்குச் சமையல் போன்றது. தாங்கியாக ஒரு சேர்வை இருக்கும். அதில் ஒளிரும் வேலையைச் செய்ய யூரோப்பியம், சீரியம், டெர்பியம் போன்ற அருமண் மூலகம் ஒன்று துளியளவு சேரும். தாங்கியை மாற்றினால் புதுத் தூள், மூலகத்தை மாற்றினால் புதுத் தூள், அளவை மாற்றினாலும் புது அளவீடு. ஒவ்வொன்றும் ஒரு கட்டுரையாகலாம். அந்தக் கட்டுரைகள் எல்லாம் தொடக்கத்தில், வெள்ளை எல்.ஈ.டி. ஏன் முக்கியம் என்று சொல்ல அதே சில அடிப்படைக் கட்டுரைகளையும் தொகுப்புரைகளையும் சுட்டும். தொகுப்புரை என்பது புதுப் பரிசோதனை இல்லாமல், அதுவரை நடந்ததைத் திரட்டிச் சொல்லும் கட்டுரை. நன்றாக எழுதிய தொகுப்புரை ஒன்று அசல் கண்டுபிடிப்புகளைவிட அதிக மேற்கோள் பெறுவது இத்துறையில் வழக்கம்.

செய்முறைக் கட்டுரைகளுக்கும் அந்த அதிர்ஷ்டம் உண்டு. உலகில் மிக அதிகமாகச் சுட்டப்பட்ட ஆய்வுக் கட்டுரை எது தெரியுமா? சார்பியல் அல்ல, மரபணுவின் முறுக்கேணி அல்ல. கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையைச் சொல்லும் 1951ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களோடு. ஆய்வுகூடத்தில் அன்றாடம் தேவைப்படுவதைச் சொன்னதால் எல்லோரும் அதைச் சுட்டினார்கள்.

ஆகவே ஒளிர்பொருள் ஆய்வாளரின் எண்ணை இன்னொரு ஒளிர்பொருள் ஆய்வாளரின் எண்ணோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும், அதுவும் ஏறத்தாழ ஒரே வயதில். அவரை எங்கள் பல்கலைக்கழகத்துத் தமிழ் ஆய்வாளரோடு ஒப்பிடுவது இருவருக்கும் அநியாயம். தமிழில் வெளியாகும் ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்தத் தரவுத்தளங்களுக்குள் வருவதே இல்லை.

எண்ணுக்குள் வராத மனிதர்

மொழி என்றதும் எனக்கு நினைவுக்கு வருபவர் அலெக்சி எகிமோவ். சோவியத் ஒன்றியத்தில் நிறக் கண்ணாடிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். கண்ணாடிக்குள் உருவாகும் செப்புக் குளோரைட்டுத் துணுக்குகள் எவ்வளவு சிறியனவோ அதற்கேற்ப அவை விழுங்கும் ஒளி மாறுவதைக் கண்டார். பொருள் ஒன்றே, பருமன் மாறினால் நிறம் மாறுகிறது. அதை 1981இல் சோவியத் சஞ்சிகை ஒன்றில் வெளியிட்டார். மறுபக்கத்தில், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் லூயிஸ் புரூஸ் திரவத்தில் மிதக்கும் துணுக்குகளில் இதே விளைவைக் கண்டு 1983இல் எழுதினார். எகிமோவ் எழுதியது அப்போது அவருக்குத் தெரியாது. இரும்புத்திரைக்கு அந்தப் பக்கத்துச் சஞ்சிகை இந்தப் பக்கத்துக்கு எளிதில் கிடைக்கவில்லை. ஒரு கல்லை முதலில் கண்டவர் சொன்ன அடையாளம் அடுத்த கரைக்குக் கேட்கவே இல்லை.

1993இல் மௌங்கி பவெண்டியின் குழு இத்துணுக்குகளை ஒரே பருமனில் சீராகச் செய்யும் முறையை எழுதியது. செய்முறைக் கட்டுரை, பல ஆயிரம் மேற்கோள்கள். இன்று நாம் குவாண்டம் புள்ளிகள் என்று சொல்லும் அந்த ஒளிரும் துணுக்குகள் தொலைக்காட்சித் திரைகளுக்குள் வந்துவிட்டன. 2023இல் இரசாயனவியல் நோபல் பரிசு மூவருக்கும் கிடைத்தது. 1980களின் தொடக்கத்தில் ஒருவர் மேற்கோள் எண்ணை மட்டும் வைத்து எகிமோவை எடைபோட்டிருந்தால் என்ன முடிவுக்கு வந்திருப்பார்? இந்தக் கேள்வியை நான் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் கேட்கிறேன்.

சுருக்கமாக: மேற்கோள் எண், ஒரு வேலை எவ்வளவு தூரம் கேட்டது, எத்தனை பேருக்குப் பயன்பட்டது என்று சொல்கிறது. அது சரியா, ஆழமானதா, முதலில் சொன்னது யார் என்ற கேள்விகளுக்கு அதனிடம் பதில் இல்லை.

சஞ்சிகையின் எண்ணை மனிதரின் எண்ணாக்குவது

இன்னோர் எண்ணும் அடிக்கடி காதில் விழும்: தாக்கக் காரணி. அது சஞ்சிகைக்கு உரியது. முந்தைய இரண்டு ஆண்டுகளில் அச்சஞ்சிகை வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஆண்டில் சராசரியாக எத்தனை மேற்கோள் பெற்றன என்பதே அது. வகுப்பின் சராசரிப் புள்ளி 72 என்பதால் என் பிள்ளையும் 72 எடுத்தான் என்று சொல்ல முடியுமா? சராசரியை உயர்த்துவது பெரும்பாலும் சில கட்டுரைகள்தான். பெரிய சஞ்சிகையில் வெளியாகியும் சுட்டுவாரில்லாமல் கிடக்கும் கட்டுரைகள் உண்டு. இந்த எண்ணை வைத்து ஆட்களுக்கு வேலையும் பதவி உயர்வும் கொடுக்கக்கூடாது என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய ஆய்விதழ் ஆசிரியர்களும் வெளியீட்டாளர்களும் ஒரு பிரகடனம் வரைந்தார்கள். ஆயிரக்கணக்கான நிறுவனங்களும் ஆய்வாளர்களும் அதில் ஒப்பமிட்டிருக்கிறார்கள்.

ஏமாற்ற முடியுமா?

முடியும். கரும்பலகையில் மூன்று மேற்கோள் சேர்த்தோமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். தன் கட்டுரையைத் தானே சுட்டுவது முழுக்கத் தவறல்ல. பத்து ஆண்டாக ஒரே தூளை ஆராய்பவர் தன் பழைய அளவீட்டைச் சொல்லாமல் எப்படி எழுதுவார்? ஆனால் தேவையில்லாத இடத்தில் ஓரத்துக் கட்டுரைகளைத் திணிப்பது வேறு. ஒருவரையொருவர் சுட்டிக்கொள்ளும் கூட்டணிகள் இருக்கின்றன. வெளியிடத் தகுமா என்று மதிப்பிடும் இடத்தில் இருந்துகொண்டு, "என் கட்டுரைகளையும் சேருங்கள்" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். முப்பது பேர் சேர்ந்து எழுதிய கட்டுரையின் மேற்கோள் முப்பது பேர் கணக்கிலும் முழுதாக ஏறுகிறது. யாருடைய பக்கத்தைப் பார்த்தாலும், தன்னைத் தானே சுட்டிய மேற்கோள்களை நீக்கிய எண் என்ன, எத்தனை கட்டுரைகளில் இவர் முதல் ஆசிரியர் என்று பார்ப்பது நல்லது. அதைவிட நல்லது, ஒரு கட்டுரையைத் திறந்து முதற்பக்கச் சுருக்கத்தையாவது வாசிப்பது.

அதை நாங்கள் செய்தோம். மாணவியின் கைப்பேசியில் அந்த ஊர்க்காரரின் பட்டியலைத் திறந்து, அதிகம் சுட்டப்பட்ட கட்டுரையை அல்ல, பட்டியலின் நடுவே இருந்த ஒன்றை எடுத்தோம். ஆங்கிலம் கடினமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டாம் பக்கத்தில் ஒரு படம்: வரிசையாக ஆறு சிறு கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் ஒரே வெள்ளைத் தூள். அதற்குக் கீழே புற ஊதா விளக்கின் கீழ் எடுத்த அதே ஆறு கிண்ணங்கள்: பச்சையில் தொடங்கி, இடையில் மஞ்சளாகி, கடைசிக் கிண்ணம் செம்மஞ்சளாக ஒளிர்ந்தது. "மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒன்றா சேர்?" என்று கேட்டு அவள் படத்தைப் பெருக்கிப் பெருக்கிப் பார்த்தாள்.

தமிழ்ப் பெயரும் தரவுத்தளமும்

கடைசியாக ஒரு விடயம், இது எங்களுக்கே உரியது. இந்தத் தரவுத்தளங்கள் குடும்பப் பெயர் உள்ள மனிதர்களுக்காகச் செய்யப்பட்டவை. எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயர் முதலெழுத்தாக முன்னால் நிற்கிறது. ஒரு கட்டுரையில் முதலெழுத்து முன்னால் வரும், அடுத்ததில் பின்னால் போகும், மூன்றாவதில் தந்தையின் பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயராகிவிடும். ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டும்போது ஓரிடத்தில் ஓர் 'எச்' கூடும், இன்னோரிடத்தில் ஓர் 'ஏ' குறையும். திருமணத்துக்குப் பிறகு கணவரின் பெயரைச் சேர்க்கும் பெண்களுக்கு இன்னும் சிக்கல். விளைவு என்ன? ஒரே ஆய்வாளர் தரவுத்தளத்தில் இரண்டு மூன்று ஆட்களாக உடைகிறார். அல்லது ஒரே முதலெழுத்தும் பெயரும் உள்ள நான்கு பேர் ஒருவராகிவிடுகிறார்கள். உடைந்தவரின் சுட்டெண் குறைந்து தெரியும், ஒட்டியவரின் சுட்டெண் பொய்யாகப் பெருகும். ஒரே ஆளுக்கு கூகிள் ஸ்கொலர் ஓர் எண்ணும் ஸ்கோபஸ் வேறோர் எண்ணும் காட்டுவதற்கு, எதை எண்ணுவது என்ற அவற்றின் கொள்கை வேறுபாட்டோடு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு ஒரு மருந்து இருக்கிறது. ஓர்கிட் என்ற பெயரில் 2012 முதல் ஆய்வாளர்களுக்கு 16 இலக்க அடையாள எண் இலவசமாகக் கிடைக்கிறது. பெயர் எப்படி எழுதப்பட்டாலும் எண் ஒன்றே. முதற் கட்டுரை எழுதும்போதே அதை எடுத்துவிட வேண்டும், பெயரையும் ஒரே விதமாக எழுதத் தொடங்கிவிட வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் படிக்கும் பிள்ளைகளைக் கண்டாலும் யாழ்ப்பாணம், பேராதனை போகும் பிள்ளைகளைக் கண்டாலும் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

இதைக் கேட்ட மாணவி பயிற்சிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திருப்பித் தன் பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதினாள். ஒன்று பிறப்புச் சான்றிதழில் உள்ளது, ஒன்று அடையாள அட்டையில் உள்ளது, மூன்றாவது அவள் வழக்கமாக எழுதுவது. மூன்றும் வேறு வேறு. "எது சரி சேர்?" என்றாள். எதுவானாலும் சரி, ஒன்றாக இருந்தால் போதும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்து இரண்டை வெட்டிவிட்டு, மிஞ்சியதைப் பக்கத்தின் நடுவில் பெரிய எழுத்தில் மறுபடி எழுதினாள்.